அழாதவள்தான் கொலைகாரி

பொண்டாட்டிதான் கொன்றிருப்பாள் என்று நான் முதல் பாகத்திலேயே சொல்லிவிட்டேன். மடியில் யாரோ ஒருத்தியின் ஜாக்கெட், வாயில் குண்டூசி, கண் மட்டும் போனில் ஓடும் தொடரில். அந்த ஜெர்மனிக்காரனின் கார் ஏரிக்கரையில் அனாதையாக நிற்கிறது, ஆளைக் காணோம். போலீஸ் அவன் வீட்டுக் கதவைத் தட்டிச் செய்தி சொல்கிறது. அவள் கேட்டுக்கொள்கிறாள். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "உட்காருங்கள்" என்கிறாள். அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"இவதான். எழுதி வச்சிக்கங்க" என்றேன், ஊசியைத் துப்பிவிட்டு.

"ஆமா, கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்றார் பாய் வீட்டு அக்கா.

மூன்றாவது ஆள் மறுபடி குனிந்துகொண்டாள். அவள் ஊக்கு கட்டிக்கொண்டிருந்தாள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடியில் என் தையல் கடை. பெண்களுக்கு மட்டும் தைப்பது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மிஷினை நிறுத்திவிட்டுக் கை வேலைக்கு உட்காருவோம். ஓரம் மடித்து எம்மிங், ஊக்கு, பொத்தான் துளைக்குக் காஜா. அந்த நேரத்தில் அக்காவின் போனை நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்துத் தொடர் பார்ப்பது வழக்கமானது. அக்காவின் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. வேலைக்கு வந்துதான் சாப்பிட வேண்டும் என்று அக்காவுக்கு ஒன்றுமில்லை. ஒரே மகன் ஜெர்மனிக்குப் படிக்கப் போனபிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் என் கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்தவர். சும்மா இருப்பானேன் என்று எம்மிங் போட்டார், அப்படியே நிலைத்துவிட்டார்.

அந்த மகன்தான் போகும்போது அம்மாவின் போனில் படம் பார்க்க வழி செய்துவிட்டுப் போனான். நான் இருக்கிற நாடு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள் என்றானாம். மலை, ஆறு, தோட்டம் என்று பார்ப்பார் என நினைத்திருப்பான். அக்கா போய் விழுந்தது தமிழில் குரல் மாற்றிப் போட்டிருந்த ஒரு கொலைக் கதையில். ஒரு சின்ன ஊர். ஒரு கொலை முடிந்தால் அடுத்த கொலை. மேலதிகாரி ஒரு பொம்பளை, அவளுக்குக் கீழே ஒரு வாட்டசாட்டமான போலீஸ்காரன்.

"யா அல்லா, எம்புள்ள இருக்கற ஊர்ல இம்மாங் கொலையா!" என்று அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். வைத்தாரே தவிர, நிறுத்தவில்லை. ஒவ்வொரு பாகம் முடிந்ததும் மகனுக்குப் போன் போகும். ஏரிப் பக்கம் போகாதே, காட்டுக்குள்ளே குறுக்கு வழியில் நடக்காதே, யார் கதவைத் தட்டினாலும் திறக்காதே. "அந்தப் போலீஸ்காரன் இம்மாங் குளுருல தலையில ஒண்ணுமில்லாம திரிஞ்சிக்கினு இருக்கான். நீ குல்லா போடறியா இல்லியா, அத்த மொதல்ல சொல்லு" என்பார். அந்தப் பிள்ளை அங்கே எந்த வகுப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தானோ, பாவம்.

எனக்கு அந்த மேலதிகாரியம்மா மேல்தான் ஆத்திரம். எல்லாப் பாகத்திலும் ஒரே கோட்டு. தோள் தையல் இறங்கிப் போய்க் கிடக்கும். அத்தனை பெரிய உத்தியோகம், ஒரு நல்ல டெய்லர் கிடைக்கவில்லையா என்று கத்துவேன். இன்னொன்றும் எனக்கு ஆறவே ஆறாது. ஒரு வீட்டு வாசலில் போலீஸ் வண்டி வந்து நிற்கிறது, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கவில்லை. இங்கே என்றால் தெருவே திரண்டிருக்கும். "இன்னா ஊரு இது, மனுசங்களே இல்லியா?" என்பேன். செத்தவன் வீட்டில் விசாரிக்க வந்தவர்களுக்குக் காப்பி வேறு போட்டுக் கொடுக்கிறார்கள்.

அக்காவுக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. முதல் கதையில் கொலை செய்தவன் ஒரு டாக்டர். அவனுக்குத் தமிழில் பேசிய ஆளே இந்த ஏரிக்கரைக் கதையில் வரும் ரொட்டிக்கடைக்காரனுக்கும் பேசியிருக்கிறான். கரகரத்த குரல், மூக்கால் இழுப்பான். அக்கா உடனே கண்டுபிடித்துவிட்டார். "அந்த டாக்டருதான்டி இவன். ஜெயில்லருந்து தப்பிச்சி வேசம் மாத்திக்கினு வந்துருக்கான்."

"ஐய அக்கா, அது குரல் குடுக்கறவங்க. மெட்ராஸ்ல ஒரே ஆளு நாலு பேருக்குப் பேசுவான்" என்று நான் சொன்னேன்.

"மூஞ்சிய மாத்தலாம். கொரல மாத்த முடியுமா? போடி" என்று முடித்துவிட்டார். மகனுக்கும் அன்றே உத்தரவு போனது. ரொட்டிக்கடையில் சும்மா எது கொடுத்தாலும் வாங்கித் தின்னாதே.

சிரிப்பும் சண்டையுமாகப் போய்க்கொண்டிருந்தாலும் உள்ளே ஒரு பரபரப்பு இருந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பாகமும் சரியாக யாரோ கதவைத் திறக்கும்போது முடிந்து தொலைக்கும். மறுநாள் மத்தியானம் வரை எனக்குக் கை ஓடாது. அளவு ஜாக்கெட் கொண்டு வந்தவளிடம் எரிந்து விழுவேன். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. துணி மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தது. நான் ரொட்டிக்கடைக்காரனா பொண்டாட்டியா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கும் மேலே மாமியார் வீடு. மலையிலிருந்து இறங்கி, வடக்கனந்தலில் அக்காள் வீட்டோடு ஒட்டிக்கொண்டு, தினமும் பஸ் பிடித்து என் கடைக்கு வந்துகொண்டிருந்தாள். ஆடி மாதத்தில் அவள் புருஷன் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். போய்ப் பத்து நாள் வரை பேசியிருக்கிறான். அப்புறம் போன் அணைந்துபோனது. கூடப் போன ஆட்களில் ஒருவன் திரும்பி வந்து, நான் வேறு லாரியில் ஏறினேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டான். மலையில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். மிளகும் இல்லை, கேரளாவும் இல்லை, வடக்கே திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்டத்தான் ஆள் பிடித்துப் போனார்கள் என்றார்கள். அங்கே காட்டில் என்னென்னவோ நடக்கும் என்றும் சொன்னார்கள்.

அவள் அதிகம் பேச மாட்டாள். ஆனால் ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். எங்கள் மாடிப்படி முனையில் நின்றால் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும் இடம் தெரியும். கேரளாவிலிருந்து ஆள் வருவது சேலம் வழியாகத்தான். சேலம் பக்கத்து வண்டி எது திரும்பினாலும் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து போவாள். இறங்குகிறவர்களை எல்லாம் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்தில் ஊக்கு கட்டுவாள். ஒரு நாள் கூட அவள் கண் கலங்கி நாங்கள் பார்த்ததில்லை.

தொடரைப் பற்றி அவள் சொன்ன அபிப்பிராயங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். "எங்க மலை மாதிரியே இருக்குது, கடுக்கா மரந்தான் இல்ல" என்றாள் ஒரு நாள். காட்டுக்குள் ஒருவன் தடதடவென்று ஓடியபோது, "மறைஞ்சி போறவன் இப்பிடியா சத்தம் போட்டுக்கினு ஓடுவான்?" என்று கேட்டாள். மற்றபடி, போலீஸ் ஒரு வீட்டுக் கதவைத் தட்டும் காட்சி வந்தால் மட்டும் தலையைத் தூக்குவாள். அது முடிந்ததும் குனிந்துகொள்வாள். "அங்கல்லாம் வூடு தேடி வந்து சொல்றாங்க இல்லீங்கக்கா" என்று ஒரு முறை சொன்னாள்.

ஏரிக்கரைக்காரனின் பொண்டாட்டி மேல் நாளுக்கு நாள் எங்களுக்குச் சந்தேகம் முற்றியது. எல்லோரும் ஏரியில் தேடுகிறார்கள், இவள் துணி காயப்போடுகிறாள். சாப்பிடும்போது மேசையில் இரண்டு தட்டு வைக்கிறாள், ஒன்றில் மட்டும் சாப்பிடுகிறாள். "நடிப்பு! இன்னா நடிப்பு நடிக்கிறா பாரு!" என்று நான் தொடையில் தட்டிக்கொண்டேன்.

அப்போது மலைக்காரி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அழுவலன்னா கொன்னுட்டான்னு அர்த்தங்களாக்கா?"

"பின்ன? கட்டின புருசனக் காணோம், கண்ணுல தண்ணி வரலன்னா அவ இன்னா பொம்பள?" என்றேன் நான். என் வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. அக்கா என் முழங்காலில் ஓர் இடி இடித்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அவள் அடுத்த ஊக்கை எடுத்தாள். சேலத்து வண்டி வந்தது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

தீபாவளி முடிந்த வாரத்தில் அவள் நாத்தனார் மலையிலிருந்து இறங்கி வந்தாள். காணாமல் போனவனின் தங்கை. சின்ன வயசுதான், முகம் அழுது அழுது வீங்கியிருந்தது. தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை. வந்ததும் அண்ணிக்காரியைப் பார்த்துப் பேசாமல் என்னைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்களே கேளுங்கக்கா. எங்கண்ணன் போயி எம்மா நாளாவுது. எங்கம்மா சோறு எறங்காம கெடக்குது. ஊர்ல பெரியவங்க பேசிட்டாங்க, தையில காரியத்தப் பண்ணிடலாம்னு. பொண்டாட்டி வந்து ஒக்காந்து அழுதாத்தான் எங்கள்ல காரியம் எடுப்பாங்க. இவ வர மாட்டேங்கறா. ஒரு சொட்டு, ஒரு சொட்டு அழுதாளா? ஊரே கேக்குது. இவளுக்கு எதுனா தெரிஞ்சிருக்கும், அதான் கல்லாட்டம் இருக்கான்னு கேக்குது."

கல்லு மாதிரி என்று அக்கா சொன்னதும் இதே இடத்தில்தான். போன் நூல்கண்டு டப்பாவில் சாய்ந்தபடி இருந்தது. அக்கா அதை எடுத்துக் குப்புறப் போட்டார்.

"நா வர்ல" என்றாள் எங்களவள். அவ்வளவுதான் சொன்னாள். நாத்தனார் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். போகும்போது, நீங்களாவது புத்தி சொல்லுங்கள் என்று என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள்.

எனக்கு அன்று முழுக்க நிலைகொள்ளவில்லை. யார் மேல் கோபம் என்று தெரியாத கோபம். கத்திரியைத் தேடினால் கையிலேயே இருந்தது. கடைசியில் அவள் மேலேயே பாய்ந்தேன். "இன்னாடி மனசுல நெனச்சிக்கினு இருக்க? ஸ்டேசனுக்குப் போயி ஆளக் காணோம்னு எழுதிக் குடு. நான் கூட வரேன், வா, இப்பவே வா."

"போனா இன்னா வேலைக்குப் போனாருன்னு கேப்பாங்கக்கா. மொளவுன்னு சொல்றதா, மரம்னு சொல்றதா? மரம்னு சொல்லிட்டா, உசுரோட எங்கனா ஒளிஞ்சிக்கினு இருந்தாலும் நானே புடிச்சிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"அப்ப அழுவாவது செய்யேன்டி! நெஞ்சுல அடைச்சிக்கினு இருந்தா இன்னாத்துக்கு ஆவ?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் அழுதா அவரு செத்துட்டாருன்னு ஆயிடும்க்கா. அவங்க அதுக்குத்தான் காத்துக்கினு இருக்காங்க. நான் அழுவற வரைக்கும்தான் அவரு உசுரோட இருக்காரு."

அக்கா மூக்கைச் சிந்தினார்.

மறுநாள் தொடரைப் போட வேண்டாம் என்று நானும் அக்காவும் கண்ணாலேயே பேசிக்கொண்டோம். அவளாகவே போனை எடுத்து டப்பாவில் சாய்த்தாள். "அந்தம்மா இன்னா ஆனாங்கன்னு பாக்க வேணாங்களா?" என்றாள்.

இனிமேல்தான் கொடுமை. கடைசிப் பாகத்துக்குத் தமிழ் இல்லை. போட்டால் ஜெர்மன் மொழியில் பேசுகிறார்கள். இத்தனை நாள் எங்களோடு தமிழில் பேசிய ஜனங்கள், கடைசி நேரத்தில் இப்படிப் பண்ணினால் வயிறு எரியுமா எரியாதா? அக்கா என் போனில் மகனைக் கூப்பிட்டு, அதைத் தன் போனுக்குப் பக்கத்தில் வைத்து, "இவன் இன்னா சொல்றான்னு கேட்டு சொல்றா" என்றார். அவன் பரீட்சை எழுதப் போய்க்கொண்டிருந்தானாம், வைத்துவிட்டான். "அம்மாங் காசு கொட்டிப் படிக்க வச்சதுக்கு இதான் மரியாத" என்று அக்கா பொருமினார்.

சரி, பேச்சு புரியாவிட்டால் என்ன, மூஞ்சி புரியாதா என்று பார்த்தோம். ரொட்டிக்கடைக்காரன் கையில் விலங்கு ஏறியது. அக்கா துள்ளிக் குதித்தார். "நான் சொன்னன்ல! நான் சொன்னன்ல! டாக்டருதான் இவன்!" குரல் வேறு குரலாகிவிட்டது என்று நான் எடுத்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

அப்புறம் அந்த வீடு. மேலதிகாரியம்மா அதே கோட்டில் படியேறி வருகிறாள். கதவைத் தட்டுகிறாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் புருஷன்காரனின் ஸ்வெட்டர் மடித்து. பொண்டாட்டிக்காரி கதவைத் திறக்கிறாள். உறையைப் பார்க்கிறாள். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்கிறாள். உள்ளே வந்து, மேசையில் இருந்த இரண்டாவது தட்டை எடுத்து அலமாரியில் வைக்கிறாள். அதன்பிறகுதான் அவள் அழுதாள். அத்தனை பாகமும் பொறுத்திருந்ததை எல்லாம் சேர்த்து அழுதாள்.

"கையில குடுத்தப்பறம்தான் அழுவறாங்க" என்றாள் எங்களவள். மெதுவாகத் தலையை ஆட்டினாள். "அதுவரைக்கும் அழுவல."

நான் எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்து வெறும் துணியை ஓட்டினேன்.

மார்கழி பிறந்தது. பொங்கல் துணி வர ஆரம்பித்தது. ஒரு மத்தியானம், நாங்கள் மூவரும் கை வேலையில் இருந்தபோது, படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. எங்கள் கடைக்குப் பூட்ஸ் போட்டவர்கள் வருவதில்லை. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஒரு போலீஸ்காரர். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். நூல் போட்டுக் கட்டியிருந்தது. உள்ளே துணி என்று பார்த்தாலே தெரிந்தது.

அக்கா "யா அல்லா" என்று முணுமுணுத்தார்.

அவள் எழுந்தாள். மடியில் இருந்த நூல் பிசிறைத் தட்டினாள். முந்தானையைச் சரியாக இழுத்து விட்டுக்கொண்டாள். வாசல் வரை நடந்துபோய், ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு கையையும் நீட்டினாள்.

அவர் பொட்டலத்தை அவள் கையில் வைத்தார். "புது பேண்ட்டுமா. கால் ஒயரம் ஜாஸ்தியா இருக்குது, கொஞ்சம் கம்மி பண்ணணும். கீழ செருப்புக் கடையில கேட்டேன், மேல போவச் சொன்னாங்க. லேடீஸ் கடைன்னு போர்டு இருக்குது, பண்ணித் தருவீங்களா?"

அவள் அப்படியே நின்றாள். உதடு மட்டும் ஒரு முறை அசைந்தது. அப்புறம், "தரங்க சார்" என்றாள். டேப்பை எடுத்தாள். முட்டி போட்டு உட்கார்ந்து, அவர் காலுக்கு அளவு எடுத்தாள். சாக்பீஸில் கோடு போட்டாள். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அவர் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்.

பூட்ஸ் சத்தம் தெருவில் கரையும் வரை அவள் அசையவில்லை. பிறகு இருந்த இடத்திலேயே சரிந்து உட்கார்ந்து, அந்தக் காக்கித் துணியை முகத்தில் வைத்து அமுக்கிக்கொண்டு அழுதாள். ஐயோ, அந்த அழுகையை நான் எப்படிச் சொல்ல? ஆடியிலிருந்து சேர்த்து வைத்தது. அக்கா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். நான் அவளைக் கட்டிக்கொண்டு, என்ன சொல்கிறேன் என்று தெரியாமல் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கும் அடக்க முடியவில்லை. சேலத்து வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. அதற்கும் அவள் எழுந்திருக்கவில்லை.

அடங்கியதும் குடத்துத் தண்ணீரில் முகம் கழுவினாள். காக்கித் துணியில் ஈரம் பட்ட இடத்தை ஃபேனுக்குக் கீழே விரித்துப் போட்டாள். அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "மலையில யாருக்கும் சொல்லிடாதீங்கக்கா" என்றாள்.

பொங்கலுக்கு முன்னால் நாத்தனாரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. பாவம், அவள் குரலிலும் தூக்கம் இல்லை. "தை பொறக்கப் போவுதுக்கா. நாள் பாக்கணும். அண்ணி அழுதாங்களா? ஒரு தபா அழுதாங்கன்னாகூட சொல்லுங்க, எங்கம்மாகிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

எங்களவள் எனக்கு எதிரில்தான் இருந்தாள். ஊசியைத் துணியில் குத்திவிட்டு, மாடிப்படி முனைக்குப் போவதற்காக எழுந்துகொண்டிருந்தாள்.

"அழுவலம்மா" என்றேன். "அவ எங்க அழுதா? ஒரு சொட்டு கூட அழுவல."